வினாடிக்கு 2 செ.மீ. நகரும் தண்டு தொடர்வினையை எப்படி அடக்குகிறது?

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. ஒரு யுரேனியம் அணு பிளந்தால் இரண்டு மூன்று நியூட்ரான்கள் வருகின்றன. அவை அடுத்த அணுக்களைப் பிளக்கின்றன. இப்படியே பெருகினால் கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடுமே, மோட்டாரில் ஏறி இறங்கும் தண்டுகள் அதை எப்படிப் பிடித்து நிறுத்தும்? பாடப்புத்தகத்தில் ‘காட்மியம் தண்டுகள் நியூட்ரான்களை உட்கவர்கின்றன’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்களாம்.

தம்பியின் சந்தேகம் நியாயமானது. கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் இன்னும் கூடத்தான் செய்யும்.

கூடங்குளம் உலையை எடுத்துக்கொள்வோம். அதன் வெப்பத் திறன் 3000 மெகாவாட். அதில் மூன்றில் ஒரு பங்குதான், அதாவது 1000 மெகாவாட், மின்சாரமாக வெளியே வருகிறது. ஒரு பிளவில் கிடைக்கும் ஆற்றல் சுமார் 200 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். 3000 மெகாவாட்டுக்கு வினாடிக்கு எத்தனை பிளவு வேண்டும் என்று வகுத்தால், ஒன்பதுக்குப் பின்னால் 19 சுழியம் வரும். இவ்வளவு பிளந்தும் ஒரு நாளைக்குச் செலவாகும் யுரேனியம் ஏறக்குறைய 3 கிலோதான்.

இந்த எண்ணிக்கை ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டுமென்றால், ஒரு பிளவில் வரும் நியூட்ரான்களில் சரியாக ஒன்று மட்டும் அடுத்த பிளவை உண்டாக்க வேண்டும். யுரேனியம்-235 பிளந்தால் சராசரியாக 2.4 நியூட்ரான்கள் வருகின்றன. மிச்சமுள்ள 1.4 வெளியே கசிந்தோ, வேறு எதிலாவது உட்கவரப்பட்டோ வீணாக வேண்டும். ஒரு தலைமுறைக்கும் அடுத்ததற்கும் உள்ள இந்த விகிதத்தைப் பெருக்கக் காரணி என்பார்கள். அது 1 என்றால் உலை ‘மாறுநிலை’யில் இருக்கிறது. செய்தித்தாள்களில் ‘உலை மாறுநிலையை அடைந்தது’ என்று படித்துவிட்டு ஏதோ ஆபத்து என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி ஒன்றும் இல்லை. உலை ஓட ஆரம்பித்துவிட்டது என்பதுதான் அதன் பொருள்.

சரி, இப்போது அந்தக் காரணி 1.001 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரத்துக்கு ஒன்றுதான் கூடுதல். பிளவிலிருந்து பிறக்கும் நியூட்ரான் வினாடிக்கு ஏறக்குறைய 20,000 கி.மீ. வேகத்தில் புறப்படுகிறது. தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்களில் மோதி மோதி, வினாடிக்கு 2 கி.மீ. அளவுக்குத் தணிந்து, அடுத்த யுரேனியத்தில் போய் விழுகிறது. தணிப்பான் என்று படிக்கிறோமே, அது இந்த வேலைக்குத்தான். மெதுவான நியூட்ரான்தான் யுரேனியம்-235-ஐ எளிதாகப் பிளக்கும். பிறப்பு முதல் அடுத்த பிளவு வரை ஆகும் நேரம் பத்தாயிரத்தில் ஒரு வினாடி என்ற அளவில் இருக்கும். ஆக ஒரு வினாடியில் பத்தாயிரம் தலைமுறை. 1.001-ஐப் பத்தாயிரம் முறை பெருக்கினால் சுமார் 22,000. ஒரே வினாடியில் திறன் இருபதாயிரம் மடங்குக்கு மேல்!

கூடங்குளம் மாதிரி உலையில் கட்டுப்படுத்தும் தண்டு இயல்பாக நகரும் வேகமோ வினாடிக்கு 2 செ.மீ. உலையின் மையப்பகுதி மூன்றரை மீட்டர் உயரம். மேலிருந்து கீழே வர மூன்று நிமிடம் ஆகும். இந்தக் கணக்கு முழு உண்மையாக இருந்தால் அணுமின் நிலையம் என்ற ஒன்றே உலகத்தில் இருந்திருக்காது.

கணக்கில் விடுபட்டது தாமத நியூட்ரான்கள். இந்தப் பதிலில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். உலையைக் கட்டுப்படுத்த முடிவதே இவற்றால்தான். தண்டுகள் அப்புறம்தான்.

பிளவு நடந்த கணத்திலேயே எல்லா நியூட்ரான்களும் வந்துவிடுவதில்லை. யுரேனியம்-235-ல் ஆயிரத்துக்குச் சுமார் ஆறரை நியூட்ரான் பிந்தி வருகிறது. பிளந்த அணுவின் துண்டுகளில் சில, உதாரணத்துக்குப் புரோமின்-87, நிலையில்லாதவை. அதன் அரை ஆயுட்காலம் சுமார் 55 வினாடி. அது கிரிப்டானாகச் சிதையும்போது சில சமயம் ஒரு நியூட்ரானைத் துப்புகிறது. அயோடின்-137-ம் இதே வேலையைச் செய்கிறது. ஒரு வினாடிக்குள் துப்புகிறவையும் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் சராசரித் தாமதம் சுமார் 13 வினாடி.

ஆயிரத்தில் ஆறரை என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஓர் அண்ணாச்சி கடையை நினைத்துப் பாருங்கள். தினம் 1000 ரூபாய்க்குச் சரக்கு எடுத்தால்தான் கடை அதே அளவில் ஓடும். அன்றைய ரொக்க வரவு 993 ரூபாய் 50 காசு. மீதி ஆறரை ரூபாய், ‘அடுத்த வாரம் தர்றேன் அண்ணாச்சி’ என்று சொல்லிப் போனவர்களிடமிருந்து வரும் பழைய பாக்கி. ரொக்கத்தை மட்டும் நம்பினால் கடை நாளுக்கு நாள் சுருங்கி மூடப்பட்டுவிடும். பாக்கி வசூலும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகிறது. வியாபாரத்தைக் கொஞ்சம் பெருக்கலாம் என்றாலும், பாக்கி வரும் வேகத்துக்குத்தான் பெருக்க முடியும்.

உலையை இதே நிலையில்தான் வைத்திருக்கிறார்கள். உடனடி நியூட்ரான்களை மட்டும் வைத்துப் பார்த்தால் அது எப்போதும் அணைந்துகொண்டிருக்கும் உலை. பிந்தி வரும் அந்த ஆறரைதான் அதை அணையவிடாமல் தாங்குகிறது. அதனால் பெருக்கக் காரணி 1.001 ஆனாலும் திறன் ஒரு வினாடியில் இருபதாயிரம் மடங்கு ஆகாது. இரண்டு மூன்று மடங்கு ஆகவே ஒரு நிமிடம் போல எடுக்கும். அது மனிதன் மீட்டரைப் பார்த்து, யோசித்து, கை நீட்டும் வேகம். 2 செ.மீ. தண்டு இப்போது தாராளமாகப் போதும்.

தாமத நியூட்ரான்களை 1939-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். பிளவே 1938 டிசம்பரில்தான் ஜெர்மன் வேதியியலாளர்கள் ஹானும் ஸ்ட்ராஸ்மனும் கண்டது. அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1942 டிசம்பர் 2 அன்று, சிகாகோ பல்கலைக்கழக விளையாட்டரங்கின் பார்வையாளர் படிக்கட்டுகளுக்கு அடியில் என்ரிகோ ஃபெர்மி உலகின் முதல் செயற்கை உலையை இயக்கினார். கிராஃபைட் கட்டிகளையும் யுரேனியத்தையும் அடுக்கிய குவியல் அது. குளிர்விக்க ஏற்பாடு இல்லை, கதிரியக்கத் தடுப்புச் சுவரும் இல்லை. ஜார்ஜ் வைல் என்ற இளம் இயற்பியலாளர் காட்மியம் தண்டைக் கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். ஒவ்வொரு முறையும் நியூட்ரான்களை எண்ணும் கருவியின் சத்தம் ஏறி ஓரிடத்தில் நிற்கும். ஃபெர்மி தன் கணக்குக் கோலைப் பார்த்துவிட்டு அடுத்த இழுப்புக்குச் சொல்வார். அவசரத்துக்கு இன்னொரு தண்டு மேலே கயிற்றில் தொங்கியது. கயிற்றை வெட்ட ஒருவர் கோடரியோடு நின்றார்! நண்பகல் நெருங்கும்போது பாதுகாப்புத் தண்டு ஒன்று தானாக விழுந்து உலை நின்றது. அதை விழ வைக்கும் அளவைக் கொஞ்சம் தாழ்வாக வைத்துவிட்டார்கள். ஃபெர்மி பதறவில்லை. பசிக்கிறது, சாப்பிட்டுவிட்டு வருவோம் என்று எல்லோரையும் அழைத்துக்கொண்டு போய்விட்டார். பிற்பகலில் மாறுநிலை வந்தது. எட்டிய திறன் அரை வாட். டார்ச் விளக்குக்கே பத்தாது. அந்த நிதானம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்றால், பாக்கி வசூல் கணக்கு அவர் கையில் இருந்தது.

ரொக்கமே ஆயிரத்தைத் தாண்டிவிட்டால் என்ன ஆகும்? அதையும் உலகம் பார்த்திருக்கிறது. 1961 ஜனவரி 3, அமெரிக்காவின் ஐடஹோவில் எஸ்எல்-1 என்ற சிறிய ராணுவ உலை. 3 மெகாவாட் வெப்பத் திறன்தான். நிறுத்தி வைத்திருந்த உலையில் பராமரிப்பு வேலை நடந்தது. மையத் தண்டைக் கையால் சில அங்குலம் தூக்க வேண்டிய இடத்தில் அரை மீட்டர் அளவுக்குத் தூக்கிவிட்டார்கள். உடனடி நியூட்ரான்களாலேயே தொடர்வினை பெருகும் எல்லையை உலை தாண்டியது. சில மில்லி வினாடிகளில் திறன் ஏறக்குறைய 20,000 மெகாவாட்டைத் தொட்டது. நீர் நீராவியாகச் சீறி உலைக்கலத்தையே மேலே தூக்கியது. அங்கிருந்த மூன்று பேரும் இறந்தார்கள். அதற்குப் பிறகு, ஒரே ஒரு தண்டை உருவினால் உலை ஓடிவிடும் என்ற அமைப்பையே வடிவமைப்பாளர்கள் விட்டுவிட்டார்கள்.

இன்னொரு விஷயம் தம்பிக்கு ஆச்சரியமாக இருக்கலாம். கூடங்குளம் மாதிரி உலை முழுத் திறனில் ஓடும்போது தண்டுகள் பெரும்பாலும் வெளியே, மேலேதான் இருக்கும். புதிய எரிபொருளில் உள்ள அதிகப்படி வீரியத்தை அடக்கி வைப்பது நீரில் கரைத்த போரிக் அமிலம். கேரம் பலகைக்குப் போடும் போரிக் பவுடர்தான், ஆனால் அணு உலைக்கு வேண்டிய தூய்மையில். அதில் உள்ள போரான்-10 நியூட்ரான்களை விழுங்கிவிடும். எரிபொருள் தீரத் தீர அமிலத்தின் செறிவைக் குறைத்துக்கொண்டே வருவார்கள்.

முதல் அலகை 2013 ஜூலையில் தொடங்கியதும் இப்படித்தான். எரிபொருள் ஏற்றி, போரிக் அமிலம் கலந்த நீரை நிரப்பி, பிறகு தூய நீரைச் சேர்த்து மணிக்கணக்காகச் செறிவைக் குறைத்தார்கள். அந்த வேலையை அருகில் இருந்து பார்த்தால் பரபரப்பாக எதுவும் தெரியாது. நியூட்ரான் எண்ணிக்கையின் தலைகீழியை, அதாவது 1-ஐ அந்த எண்ணிக்கையால் வகுத்து வருவதை, வரைபடத்தில் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போவார்கள். கோடு சுழியத்தை எங்கே தொடப்போகிறதோ அங்கே மாறுநிலை. நெருங்க நெருங்க நீர் சேர்க்கும் வேகத்தைக் குறைப்பார்கள். ஜூலை 13 இரவு அந்தக் கோடு தரையைத் தொட்டது.

தண்டு, அமிலம் இவற்றைவிட நான் அதிகம் மதிப்பது மூன்றாவதாக ஒன்றை. யாரும் தொடாமல் உலை தானே போட்டுக்கொள்ளும் பிரேக். எரிபொருள் சூடானால் அதில் நிறைந்திருக்கும் யுரேனியம்-238 கூடுதலாக நியூட்ரான்களை விழுங்கும். அணுக்கள் வெப்பத்தில் வேகமாக அதிர்வதால், அவை நியூட்ரானைப் பிடிக்கும் ஆற்றல் வரம்பு அகலமாகிறது. டாப்ளர் விளைவு என்று இதற்குப் பெயர். எரிபொருளுக்கு உள்ளேயே நடப்பதால் இதற்குத் தாமதமே கிடையாது. அடுத்ததாக நீர் சூடாகி விரியும். அடர்த்தி குறைந்தால் நியூட்ரான்களைத் தணிக்க ஆள் குறைவு, அதனால் பிளவும் குறையும். கூடங்குளத்தில் அதே நீர்தான் தணிப்பான், அதே நீர்தான் குளிர்விப்பான். நீர் போனால் தொடர்வினையும் போய்விடும்.

இது பொறியாளர்கள் மட்டும் யோசித்துச் செய்த ஏற்பாடு என்றும் சொல்ல முடியாது. ஆப்பிரிக்காவில் காபோன் நாட்டின் ஓக்லோவில் சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன் இயற்கையாகவே ஒரு உலை ஓடியிருக்கிறது. அந்தக் காலத்தில் யுரேனியத்தில் 235-ன் பங்கு 3 சதவீதத்துக்கு மேல். இப்போது 0.72 சதவீதம்தான். நிலத்தடி நீர் ஊறி வந்தால் அது தணிப்பானாக இருந்து தொடர்வினை தொடங்கும், சூட்டில் நீர் ஆவியாகிப் போனதும் நின்றுவிடும். அரை மணி நேரம் ஓட்டம், இரண்டரை மணி நேரம் ஓய்வு என்று அது முறை வைத்து ஓடியதைப் பாறைக்குள் சிக்கியிருந்த செனான் வாயுவை ஆராய்ந்து சொல்கிறார்கள். ஆபரேட்டர் இல்லை, தண்டும் இல்லை.

அப்படியென்றால் அன்றைய சோவியத் யூனியனில் உலை வெடித்த செர்னோபில்? அங்கே இந்தத் தானியங்கி பிரேக் தலைகீழாக இருந்தது. அந்த உலையில் தணிப்பான் கிராஃபைட். நீர் குளிர்விப்பான் மட்டும்தான். அது நியூட்ரான்களைக் கொஞ்சம் விழுங்கவும் செய்தது. நீர் கொதித்து நீராவியானால் விழுங்க ஆள் குறைவு, தணிப்பதற்குக் கிராஃபைட் அப்படியே இருக்கிறது. திறன் கூடும், இன்னும் கொதிக்கும், இன்னும் கூடும்.

அதோடு செனான் சேர்ந்துகொண்டது. பிளவில் உண்டாகும் அயோடின்-135 சுமார் ஆறரை மணி நேர அரை ஆயுளில் செனான்-135 ஆகிறது. நியூட்ரானை விழுங்குவதில் செனான்-135-க்கு நிகரானது எதுவும் கிடையாது. முழுத் திறனில் ஓடும்போது, உண்டாவதை நியூட்ரான்களே எரித்துத் தீர்த்துவிடும். திறனைக் குறைத்தால் எரிப்பது நின்றுவிடும், ஆனால் பழைய அயோடின் செனானாக மாறிக்கொண்டே இருக்கும். உலை மூச்சுத் திணறும். இதை முதலில் அனுபவித்தது 1944 செப்டம்பரில் அமெரிக்காவின் ஹான்ஃபோர்டு உலை. தொடங்கிய சில மணி நேரத்தில் அது தானாகவே படுத்துவிட்டது, பிறகு தானாகவே எழுந்தது.

செர்னோபிலில் 1986 ஏப்ரல் 26 அதிகாலைக்கு முன் திறன் 30 மெகாவாட்டுக்கு விழுந்துவிட்டது. அதன் இயல்பான வெப்பத் திறன் 3200. செனான் அழுத்திக்கொண்டிருந்த உலையை எழுப்ப, தண்டுகளை ஒவ்வொன்றாக உருவினார்கள். படாதபாடு பட்டு 200 மெகாவாட்டில் நிலைநிறுத்தி, ஏற்கெனவே திட்டமிட்டிருந்த ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். 1 மணி 23 நிமிடம் 40-வது வினாடியில் அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தினார்கள். தண்டுகளின் கீழ்ப்பகுதியில் கிராஃபைட் இருந்தது. முழுக்க உருவிய தண்டு இறங்கத் தொடங்கியபோது, அந்தக் கிராஃபைட் அடியில் இருந்த நீரைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்தது. நிறுத்தப் போன தண்டு முதல் சில வினாடிகளுக்கு வேகத்தைக் கூட்டியது. முழுவதும் இறங்க 18 வினாடி வேண்டும். அவ்வளவு நேரம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஊழியர்கள் விதியை மீறினார்கள் என்று மட்டும் சொல்லி இதை முடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பிரேக் மிதித்தால் முதலில் ஆக்ஸிலரேட்டர் அழுந்தும் வண்டியைக் கையில் கொடுத்துவிட்டு ஓட்டுநரை மட்டும் திட்டுவது சரியா?

நேர்மையாகச் சொல்ல வேண்டிய இன்னொன்று. கல்பாக்கத்தில் உள்ள கனநீர் உலைகளிலும் குளிர்விக்கும் நீர் ஆவியாகிவிட்டால் திறன் சிறிது கூடத்தான் செய்யும். ஆனால் கனநீரில் நியூட்ரான் அதிக நேரம் உலவுவதால் மாற்றம் மெதுவாக வரும். நிறுத்தும் ஏற்பாட்டையும் அதற்கேற்ப வேகமாக வைத்திருக்கிறார்கள். அங்குள்ள ஏற்பாடு எனக்குப் பிடித்தமானது. கலாண்ட்ரியா என்ற பெரிய கிடைத் தொட்டி, அதற்குள் 306 குழாய்களில் எரிபொருள், சுற்றிலும் தணிப்பானாகக் கனநீர். அந்தக் கனநீரை மேலே தாங்கி நிற்பது ஹீலியம் வாயுவின் அழுத்த வேறுபாடு. வால்வுகளைத் திறந்து அழுத்தத்தைச் சமன் செய்தால் கனநீர் முழுவதும் தன் எடையாலேயே கீழ்த் தொட்டிக்குள் கொட்டிவிடும். செறிவூட்டாத யுரேனியம் தணிப்பான் இல்லாமல் ஓடவே ஓடாது. உத்தரப் பிரதேசத்தின் நரோராவில் தொடங்கி பின்னால் வந்த உலைகளில் இதை விட்டுவிட்டு, தனித்தனியான இரண்டு நிறுத்த அமைப்புகளுக்கு மாறினார்கள்.

கூடங்குளத்தில் தண்டுகளை மின்காந்தம் பிடித்துக்கொண்டிருக்கிறது. மின்சாரம் போனால் பிடி விட்டுப்போகும், தண்டுகள் சில வினாடிகளில் தாமே விழும். 2 செ.மீ. வேகம் அன்றாட ஓட்டத்துக்குத்தான், அவசரத்துக்கு அல்ல.

உலை அணுகுண்டு மாதிரி வெடிக்குமா என்றும் தம்பி கேட்டிருந்தார். வெடிக்காது. குண்டுக்கு 90 சதவீத அளவில் செறிவூட்டிய யுரேனியத்தை நொடியின் துணுக்குக்குள் நெருக்கிப் பிடித்து வைக்க வேண்டும். மின் உலையில் 235-ன் பங்கு 5 சதவீதத்துக்கும் கீழே.

உண்மையான தலைவலி வேறு இடத்தில் இருக்கிறது. தொடர்வினையை நிறுத்தினாலும் சூடு நிற்காது. பிளந்த துண்டுகள் சிதைந்துகொண்டே இருக்கும். நிறுத்திய கணத்தில் அந்த வெப்பம் முழுத் திறனில் 6 முதல் 7 சதவீதம். கூடங்குளத்துக்கு அது 200 மெகாவாட். ஒரு மணி நேரம் கழித்து 40 மெகாவாட் அளவில் இருக்கும். ஒரு நாள் கழித்தும் பத்துப் பதினைந்து மெகாவாட். இதை எந்தத் தண்டாலும் குறைக்க முடியாது. அடுப்பை அணைத்த பிறகும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டிய பானை இது. ஜப்பானின் ஃபுகுஷிமாவில் 2011 மார்ச் 11 அன்று பூகம்பம் வந்ததும் ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளிலும் தண்டுகள் ஒழுங்காக இறங்கி, தொடர்வினை நின்றுவிட்டது. பிறகு வந்த சுனாமி டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. பம்ப் ஓட மின்சாரம் இல்லை. மூன்றும் உருகின.

கல்பாக்கத்துக்கும் ஒரு சுனாமி வந்தது. 2004 டிசம்பர் 26 காலை இரண்டாம் அலகு ஓடிக்கொண்டிருந்தது. முதல் அலகு பராமரிப்புக்காக ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தது. கடல்நீர் எடுக்கும் பம்ப் ஹவுஸுக்குள் வெள்ளம் புகுந்து, நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் கண்டன்சருக்குக் கடல்நீர் அனுப்பும் பம்புகள் நின்றன. ஊழியர்கள் உலையை நிறுத்தினார்கள். உலைக் கட்டடம் உயரத்தில் இருந்ததால் அங்கே நீர் ஏறவில்லை, மின்சாரமும் போகவில்லை, எஞ்சிய வெப்பத்தை அகற்ற முடிந்தது. சில நாளில் உலை மறுபடி ஓடியது.

கூடங்குளத்தில் இந்த எஞ்சிய வெப்பத்துக்கென்றே, மின்சாரம் இல்லாமல் வேலை செய்யும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. நீராவி தானாக மேலே ஏறி, கட்டடத்தின் வெளிப்பக்கம் உள்ள காற்றில் குளிரும் குழாய்களுக்குப் போகும். அங்கே நீராகி, தன் எடையால் கீழே திரும்பும். சூடான காற்று மேலே போவதையும் தண்ணீர் கீழே வருவதையும் தவிர அதற்கு வேறு எதுவும் வேண்டியதில்லை.